கொக்கியில் தொங்கிய பத்தொன்பது குவளைகள்

ஜனவரி 8

என் அன்புத் தங்கை மகளுக்கு, மாமன் வாயால் சொல்லி எழுதவைப்பது.

நீ கேட்ட வருஷத்தை எனக்கு எண்ணில் சொல்லத் தெரியாது, நடந்ததை வைத்துத்தான் தெரியும். மணிக்கூண்டு தீப்பிடித்துக் கடிகாரம் நாலேகாலில் நின்றுபோன வருஷம். டிராம் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஊரெல்லாம் அம்மை வந்து பள்ளிக்கூடத்தை இரண்டு மாதம் பூட்டினார்கள். இரண்டு வயசுக்காரி நீ, சட்டைப் பொத்தானை மூக்குக்குள் ஏற்றிக்கொண்டு வீட்டையே அலறவைத்தாய். அந்த வருஷம் கடைசியில்தான் எங்கள் படை அந்த அந்நிய தேசத்தை விட்டுக் கிளம்பியது. ஐம்பத்தோரு வருஷம் ஆகிவிட்டது.

நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ, உன் அம்மா, வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உன்னைச் சபையின் யுத்தக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னபோது இந்தத் தெருவில் எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. பெயின்டர் மகள் சபையில் உட்கார்ந்து படைக்கு ஆள் எத்தனை என்று கேட்கிறாள். கேள், நன்றாகக் கேள்.

எத்தனை பேர் இருந்தீர்கள் என்றாய். நான் சமையல்காரன், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். முதலில் மூவாயிரம், பிறகு எண்ணூறு, கடைசி மாதம் இருநூற்றுப் பதினாலு. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள். மூவாயிரம் பேர் இருந்தபோது முகாமின் வேலி நாலு மைல். இருநூற்றுப் பதினாலு பேர் ஆனபோதும் வேலி நாலு மைல்தான். ஆளைக் குறைத்தவர்கள் யாரும் வேலியைக் குறைக்கவில்லை. தண்ணீர் பம்ப் இருந்த இடத்திலேயே இருந்தது, பாலமும் இருந்த இடத்திலேயே இருந்தது. காவலுக்கு நிற்கிறவன்தான் மெலிந்துகொண்டே போனான்.

இதை எழுதுகிறவர் வழக்கம்போல எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரர். "உங்களுக்கும் ஒரு வாசிக்கிற கண்ணாடி போட்டுருவோமா"ன்னு இன்றைக்கும் கேட்டார். எழுத்தே தெரியாதவனுக்கு எதுக்குய்யா வாசிக்கிற கண்ணாடி. சிரித்துக்கொண்டே இதையும் எழுதுகிறார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் மாமன்.

ஜனவரி 21

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலை ஜன்னலில் அடுக்கி அழகு பார்க்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் காது மந்தம்தான், ஆனால் ரேடியோ மட்டும் எப்படியோ கேட்கிறது.

உங்கள் வேலிக் கணக்கைக் கமிட்டியில் அப்படியே சொன்னேன். யுத்த மந்திரி, "இது எந்தத் தளபதியின் கருத்து?" என்றார். "சமையல்காரருடையது" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்றாமவர் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த மூன்றாமவர் போதும்.

விவகாரம் இதுதான். அந்த அந்நிய தேசத்துக்கு மறுபடி போன நம்மவர் இப்போது ஒன்பதாயிரம் பேர். ஏப்ரல் முப்பது நண்பகலுக்குள் அறுநூறு பேர் தவிர எல்லாரும் திரும்ப வேண்டும், அறுநூறும் அக்டோபருக்குள் வர வேண்டும் என்கிறது அரசு. தேதியைச் சொன்னால் எதிரி அதுவரை காத்திருப்பான், தேதியே சொல்லக்கூடாது என்கிறது எதிர்த்தரப்பு. எனக்கு எல்லாரும் திரும்பி வர வேண்டும். ஆனால் கடைசியில் நிற்கப்போகும் அந்த அறுநூறு பேரைப் பற்றி இரண்டு தரப்பும் பேசவில்லை. மார்ச் இருபது வாக்கெடுப்பு. அதற்குள் ஒரு திருத்தம் கொடுக்கப்போகிறேன்.

அதனால் கேட்கிறேன் மாமா. உங்கள் கடைசி நாள் எப்படி நடந்தது? எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள்?

அப்பாவும் நானும் அவசரக்காரர்கள். என் போட்டோவை மறந்துவிட்டு லாரியிலிருந்து இறங்கித் திரும்பிப் போய், வராமலே போனவர்தானே அவர். அதனாலேயே எனக்கு போட்டோ என்றால் ஆகாது. தேர்தல் போஸ்டருக்கு ஒரு படம் எடுக்கக் கட்சிக்காரர்கள் கெஞ்சியும் கொடுக்கவில்லை. வெறும் சின்னத்தை ஒட்டித்தான் ஜெயித்தேன்.

பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்.

ஜனவரி 31

அன்பு மருமகளுக்கு,

எண்ணெய் வந்தது. ஒரு பாட்டில் எனக்கு, ஒரு பாட்டில் ஜன்னலுக்கு. மற்றபடி சுகம். அங்கும் சுகம் என்று நம்புகிறேன்.

எண்ணுகிற முறையைக் கேட்டாய். சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள், இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

எங்கள் படையில் பாதிப் பேருக்கு என்னைப் போலவே எழுத்து கிடையாது. தகரக் குவளை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள், எல்லாம் ஒரே அச்சு. அதனால் ஆணியால் ஆளுக்கு ஒரு படம் கீறிக்கொண்டோம். மீன் போட்டவன் மீன், சாவி போட்டவன் சாவி. கொஞ்ச நாளில் தாய் தகப்பன் வைத்த பேர் போய் குவளைப் பேர்தான் நின்றது. உன் அப்பா பெயின்டர் இல்லையா, அதனால் ஏணி. குடை ரிப்பேர் செய்கிற ஒருத்தன் இருந்தான், அவன் குடை. லாரி டிரைவர் மட்டும் குவளையில் ஒன்றும் கீறவில்லை. அவன் அழுத்துகிற ஹாரன் சத்தத்துக்கு வேறு பேர் வைக்க முடியாது, ஹாரன்தான்.

சமையல் லாரியின் பக்கவாட்டில் எங்கள் பிரிவுக்குக் கொக்கி அடித்திருந்தேன், கடைசியில் இருநூற்றுப் பதினாலு. டீ குடித்தவன் கழுவித் தன் கொக்கியில் மாட்ட வேண்டும். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் வண்டி ஏறுகிறவன் குவளையை மாட்டிவிட்டுத்தான் ஏறுவான். காலியாக ஒரு கொக்கி இருந்தால் ஒரு ஆள் குறைவு. மேஜர் என்னிடம் வந்து, "எத்தனை?" என்பார். நான் சொல்வதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருஷத்தில் ஒரு தடவை தப்பியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் வாயிலிருந்து வந்த எண்ணுக்கு மேஜர் கையெழுத்து. அந்தக் கர்வம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஒளிக்க மாட்டேன். கொக்கியில் தொங்குகிற வரிசையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சொல்வேன்.

கடைசி நாளைப் பற்றி இன்னொரு தடவை. கண்ணாடிக்காரருக்குக் கடையில் ஆள் வந்துவிட்டது.

உன் அம்மா டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளட்டும்.

மாமன்.

பிப்ரவரி 11

அன்புள்ள மாமா,

நலம். நலம் கேட்கிற நிலையில் இல்லை, கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சபையில் கெடு தேதி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் ஒருவர் எழுந்தார். "அம்மையாரின் தகப்பனார் நண்பகல் கெடு தெரிந்தும் அனுமதி இல்லாமல் லாரியை விட்டு இறங்கிப் போனவர் என்று ராணுவப் பதிவேடு சொல்கிறது. நேரத்துக்கு வண்டி ஏறத் தெரியாத குடும்பம் நமக்குக் கெடு பற்றிப் பாடம் நடத்துகிறது" என்றார். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பேச்சுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை, மாமா. நான் பாதிப் பேச்சில் உட்காருகிறவளா?

வீட்டுக்கு வந்தால் அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். "போட்டோவைத்தான் மறந்தாரா, வேற ஏதாவதான்னு உங்க மாமனை இன்னொரு தடவை கேளு. அவன்தானே வந்து சொன்னான்" என்றாள்.

நீங்கள் அங்கே இருந்தவர். திரும்பிப் போய்ப் பதினேழு பேரை ஏற்றி வந்ததற்குப் பதக்கம் வாங்கியவர். நீங்கள் சொன்னால் சபை கேட்கும். கடைசி நாளை அப்படியே சொல்லுங்கள். அப்பா ஏன் இறங்கினார்? அதற்கு ஒரு நியாயம் இருந்தால் எனக்கு அது வேண்டும். இல்லை என்றாலும் உண்மை வேண்டும்.

மருமகள்.

பிப்ரவரி 20

தங்கை மகளுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கிற உரிமை எனக்கு மிச்சம் இருக்கிறதா என்பதை இதைப் படித்த பிறகு நீயே சொல்.

தட்டச்சில் வந்திருக்கிறதே என்று பயப்படாதே. கோர்ட் வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் வந்திருக்கிறேன். கண்ணாடிக்காரர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. இவருக்கு என்னைத் தெரியாது. "மனுவா, வாக்குமூலமா?"ன்னு கேட்டார். "கடிதாசிம்மா"ன்னேன். "கடிதாசி தட்டறதுக்குக் கோர்ட்டுக்கு வந்தீங்களா"ன்னு ஒரு மாதிரி பார்த்தார். நீ இதைத் தனியாகப் படி. அம்மாவுக்கு வாசிப்பதா என்று பிறகு யோசி.

உன் அப்பா லாரியை விட்டு இறங்கவில்லை. லாரியில் ஏறவே இல்லை.

அந்த மாதக் கடைசி நாள் நண்பகலுக்குப் பிறகு அந்த மண்ணில் நம் ஆள் ஒருத்தன்கூட இருக்கமாட்டான் என்று இங்கே சபையில் சொல்லிவிட்டார்கள். அந்தக் காகிதத்தைச் சமையல்கட்டுக் கதவில் ஆணியடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும். முகாமிலிருந்து ஒன்றரை மைல் மேலே, ஆற்றோரம் தண்ணீர் பம்ப். அங்கே காவல் பத்தொன்பது பேர், அவர்களுக்குத் தலைவன் ஏணி, உன் அப்பா. காலையில் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும், அதுவரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது உத்தரவு.

முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பத்தொன்பது பேரும் வந்து சாப்பிட்டுவிட்டுக் குவளையை என்னிடம் போட்டுவிட்டுக் காவலுக்குப் போனார்கள். "காலைல குழாய்லயே வாய் வச்சுக் குடிச்சுக்கறோம்" என்றார் மச்சான். அழுக்குக் குவளையை வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது. பத்தொன்பதையும் கழுவினேன். கழுவினவன் மூட்டையில் போட்டிருக்கலாம். வரிசை நிறைவாக இருக்கட்டும் என்று அவனவன் கொக்கியில் நானே மாட்டினேன்.

காலையில் ஒரே களேபரம். மேஜர் வந்தார், "எத்தனை?" என்றார். பார்த்தேன். ஒரு கொக்கி காலி இல்லை. "இருநூத்திப் பதினாலு சார், குறைவில்லை" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். பம்புக்குப் போக வேண்டிய லாரி, ஆள்தான் வந்துவிட்டார்களே என்று போகவில்லை. எல்லாரும் பாலத்தைத் தாண்டினோம்.

பதினோரு மைல் வந்து டீ போட்டேன். எல்லாரும் குவளையை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பது தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வரிசையைப் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. மேஜரிடம் ஓடினேன். அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீதானே சொன்ன" என்றார். ஹாரனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, அடுப்பைத் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பினான். பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது பாலத்தைத் தாண்டினோம். எதிரே பதினேழு பேர் நடந்து வருகிறார்கள். உத்தரவு வராமல் இடத்தைக் காலி பண்ணக்கூடாது என்று மச்சானும் குடையும் மட்டும் நின்றுகொண்டு, மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பதினேழு பேரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்து, வெடி வைக்கிற அதிகாரியின் காலைப் பிடித்தேன், கால் மணி நேரம் கொடுங்கள் என்று. அவர் கெட்டவர் இல்லை, என்னைத் தூக்கி நிறுத்தினார். "தேதி என்னது இல்லப்பா, சபையோடது" என்றார். ஹாரன் அதுவரை கையை எடுக்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அது அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ, தெரியாது. மணி அடித்ததும் பாலம் போனது.

காகிதத்தில் இருநூற்றுப் பதினாலு பேர் ஏறியாகிவிட்டது, கையெழுத்தும் ஆகிவிட்டது. காகிதம் தப்பாகாது. அதனால் ஏறினவர்கள் வழியில் இறங்கிவிட்டார்கள் என்று எழுதினார்கள். எனக்குப் பதக்கம் குத்தினார்கள். திரும்பிப் போனதற்குக் கொடுத்தார்கள், விட்டுவிட்டு வந்ததை யாரும் கேட்கவில்லை. உன் அம்மா கேட்டாள். "எதையோ மறந்துட்டு இறங்கிட்டார் போல" என்றேன். "குழந்தை போட்டோவா இருக்கும்" என்று அவளாகவே சொன்னாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்த இல்லையை இன்றைக்குச் சொல்கிறேன். இதை எங்கே வேண்டுமானாலும் வாசி.

மாமன்.

மார்ச் 9

அன்பு மருமகளுக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

பதினேழு நாள் ஆகிறது. பதில் கேட்டு எழுதவில்லை. தபால்காரர்தான் என்னைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கையை விரிக்கிறார். எழுத்துத் தெரியாதவன் தபாலுக்குக் காத்திருப்பதைப் பார்த்தால் அவருக்கே ஒரு மாதிரி இருக்கிறது போலும்.

கையெழுத்து பழையபடி இருப்பதைப் பார்த்திருப்பாய். கண்ணாடிக்காரரிடமும் சொல்லிவிட்டேன். முதலில் இவர்தான் சண்டைக்கு வந்தார், "இருபது வருஷமா என் கையில எழுதிட்டு, கோர்ட் வாசலுக்குப் போனீங்களாமே" என்று. அதற்குச் சமாதானம் சொல்லப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பேனாவோடு வந்து, "என்ன எழுதணும்?" என்றார்.

உன் அப்பாவின் குவளையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அன்று தள்ளிவிட்ட அடுப்பு, பாத்திரத்தோடு போகாமல் அது மட்டும் என் கையில் இருந்தது. ஏணிப் படத்தில் ஐந்து படி. ஆறாவது கீறும்போது டீ மணி அடித்துவிட்டது என்பார். ஐம்பத்தோரு வருஷம் நான் அதில் குடித்ததில்லை. கழுவி மட்டும் வைத்தேன்.

மாமன்.

(எழுதுகிறவன் தன் கையால் சேர்ப்பது: அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதைச் சேர்த்தது அவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. முடிந்தால் இரண்டு வரி போடுங்கள் அம்மா.)

மார்ச் 17

மாமாவுக்கு,

நலம். சாப்பிடுங்கள்.

உங்கள் தட்டச்சுக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன், வந்தேன். உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை அளக்க ஒரு அளவும் கிடைக்கவில்லை. ஐம்பத்தோரு வருஷம் ஒரு போட்டோவுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் மாமா. நான் பிறக்காமல் இருந்திருந்தால் அப்பா வந்திருப்பார் என்று பத்து வயதில் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை ஒரு வார்த்தையில் நீங்கள் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

பார்சல் வந்த அன்றுதான் அம்மாவுக்கு வாசித்தேன், முழுவதும். கேட்டுவிட்டு எழுந்து போய்க் கழுவியிருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "உங்க மாமன் நம்ம வீட்டுக்கு வந்தா டம்ளரைத் தொட்டுத் தொட்டு எண்ணுவான், பார்த்திருக்கியா? நான் ஏதோ திருட்டுப் போயிரும்னு பயப்படறான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "மறதிக்கார மனுஷன்னு அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன். நின்ன எடத்தை விட்டு நகராத ஆளை" என்றாள். அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணனை நேரில் வரச் சொல்கிறாள். "கடிதாசில திட்டினா கண்ணாடிக்காரர்தானே கேப்பார். இவன் காதுல விழணும்" என்றாள்.

இருபதாம் தேதி உங்கள் கடிதத்தைச் சபையில் வாசிக்கப்போகிறேன். எதையும் மறைக்க மாட்டேன். உங்களைக் காப்பாற்றவும் மாட்டேன். ஆனால் இதைச் சொன்னவர் என் மாமா என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

மருமகள்.

மார்ச் 22

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் சுகம் குரலிலேயே தெரிந்தது.

கண்ணாடிக்கடையில் ரேடியோவை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ரொட்டிக்கடைக்காரி, சலவைக்காரர், எதிர் வங்கி வாட்ச்மேன், எல்லாரும் நின்றார்கள். "சபையில் என் தகப்பனாரைப் பற்றிக் கேட்ட உறுப்பினருக்கு என் தாய்மாமா பதில் அனுப்பியிருக்கிறார்" என்று தொடங்கினாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். மூன்றாவது மாடி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டு உன் அப்பா கீழே இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரல் அது.

"பத்தொன்பது குவளைகள் கழுவித் துடைத்துத் தொங்கின, பத்தொன்பது மனிதர்கள் காத்திருந்தார்கள். இன்று நாம் அறுநூறு என்று எழுதுகிறோம். அது வேலியை அளந்து வந்த எண்ணா, பேச்சுக்கு அழகாக வந்த எண்ணா?" என்று கேட்டாய். யாரும் மேஜையைத் தட்டவில்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று சலவைக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

பதக்கத்துக்காகத் தினமும் எனக்கு சல்யூட் வைக்கிற வாட்ச்மேன் நேற்று வைக்கவில்லை. சரிதான் என்று நடந்தேன். ரொட்டிக்கடைக்காரி மட்டும் கூப்பிட்டு, "எம்பத்தி மூணு ரொட்டி இருக்கு, சரியான்னு எண்ணிச் சொல்லிட்டுப் போங்க"ன்னாள். எண்பத்தி ரெண்டு இருந்தது. நக்கலா, மரியாதையா என்று இன்னும் புரியவில்லை.

நம் வீட்டுப் பெண் பேசினாள் என்று நான் சொல்லிக்கொள்ளலாமா? உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

மாமன்.

ஏப்ரல் 3

அன்புள்ள மாமா,

எல்லாரும் நலம். அம்மா காலை டீயை ஏணிக் குவளையில்தான் குடிக்கிறாள். சர்க்கரையைக் குறைக்கவில்லை.

வாக்கெடுப்பு முடிவு ரேடியோவில் அரைகுறையாகத்தான் வந்திருக்கும். திருத்தம் நாலு வாக்கில் ஜெயித்தது. படை திரும்பும். கடைசியில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை இனி வேலியும் பாலமும் தண்ணீரும் தீர்மானிக்கும். அளந்து பார்த்தார்கள், அறுநூறு ஆயிரத்து நானூறு ஆகியிருக்கிறது. கடைசி வண்டி கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாகும்வரை தேதி நிற்கும், பாலமும் நிற்கும். அன்று கேலி செய்தவர் எதிராகத்தான் வாக்களித்தார். ஆனால் வெளியே வந்து, "உங்க அப்பாவைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். "சபைக்குள்ள சொன்னதை சபைக்குள்ளயே வாங்கிக்கோங்க" என்றேன். மறுநாள் எழுந்து சொன்னார்.

பதிவேட்டைத் திருத்துகிறார்கள், மாமா. மே இரண்டாம் தேதி பத்தொன்பது பேரையும் சபையில் வாசித்து, "உத்தரவுப்படி இடத்தில் நின்றவர்கள்" என்று எழுதுவார்கள். உயிரோடு இருப்பவர்களை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டுமாம். ராணுவ ஆபீஸில் பட்டியல் இல்லை. உங்களிடம் இருக்கிறது. யார் இருக்கிறார்கள்?

உங்கள் மருமகள்.

ஏப்ரல் 14

என் அன்பு மருமகளுக்கு,

நான் சுகம். முழங்காலும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. முப்பதாம் தேதி ரயிலில் வருகிறேன். கண்ணாடிக்காரரும் வருகிறார். எங்கள் அண்ணன் தங்கைச் சண்டையை நேரில் பார்க்க வேண்டுமாம். அம்மாவிடம் சொல், எவ்வளவு திட்ட வேண்டுமோ சேர்த்து வைத்துக்கொள்ளட்டும், நான் எழுந்து போக மாட்டேன்.

உன் கடிதம் வந்ததும் குடையைப் பார்க்கப் போனேன். நாலு வருஷம் பிடிபட்டுக் கிடந்து திரும்பி வந்தவன். இரண்டு பஸ் மாறினால் அவன் வீடு. இத்தனை வருஷம் அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. மகள் வீட்டு மாடியில் இருக்கிறான், இன்னும் குடை தைக்கிறான். நான் குவளைக் கதையைச் சொல்லச் சொல்ல ஊசியைக் கீழே வைக்கவில்லை. முடித்ததும், "அதான் விஷயமா. லாரி வரலேன்னு சொன்னேன், எவனும் எழுதிக்கலே" என்றான்.

"ஹாரன் கேட்டுச்சாடா?" என்றேன். அதைக் கேட்கத்தான் போனேன்.

"கேக்காம? ஆறு பூரா அந்தச் சத்தம்தான். ஏணி என் முதுகுல ஒரு அடி அடிச்சான். 'பார்த்தியாடா, சமையல்காரன் எண்ணிட்டான்'னு சிரிச்சான். நேரம் இருக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா எண்ணிட்டாங்கன்னு தெரிஞ்ச பெறகு நின்னது வேற மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பம்பை விடலே நாங்க. உன் தங்கச்சி மகள் போட்டோ அவன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. எனக்கே பத்து தடவை காட்டியிருப்பான்."

இதை உன் அம்மாவுக்கு இரண்டு தடவை வாசி. இரண்டாவது தடவை சத்தமாக.

உன்னை நினைத்து எனக்கு இருக்கிற பெருமையைச் சொன்னால் எழுதுகிறவர் காகிதம் போதாது என்பார். உன் பிள்ளைகளை விசாரித்தேன். பயணத்துக்கு ரொட்டி தருவதாக ரொட்டிக்கடைக்காரி சொல்லியிருக்கிறாள், எண்ணி வாங்குவேன்.

இனி நீ கேட்ட பட்டியல், கொக்கி வரிசைப்படி. மீன் ஊருக்கு வந்த மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போனான். சாவியும் சீப்பும் ஒரே வருஷம், ஒரே மாதம். கத்தரிக்கோல் தையற்கடை வைத்து நன்றாக வாழ்ந்து போனான். வாத்து கப்பலில் வேலைக்குப் போய் அங்கேயே. மூக்குக்கண்ணாடி, இரட்டை நட்சத்திரம், ஒற்றை நட்சத்திரம் மூன்று பேரும் மாரடைப்பு. கொக்கி குடியில் போனான், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். செருப்பு மில் வேலைக்குப் போய் இருமியே போனான். பிறை, படகு, சுத்தியல் முதுமையில் போனார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. இலை ரயிலில் அடிபட்டான். சக்கரம் சர்க்கரை வியாதியில். பம்பரம் போன மழைக்காலம், நான் போய் மண் போட்டேன். மணி அதற்கு இரண்டு மாதம் முன்னால். ஏணி அன்றைக்கே, நின்ற இடத்தில்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல், போதும். சத்தமாக வாசிக்கச் சொல், அவனுக்கும் காது கொஞ்சம் மந்தம். பத்தொன்பதாவது கொக்கி, இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், குடை.